வின்னிபெக் வீட்டுக்கு ஒரு வருடத் தோட்டம்

சைனிக்புரி, செகந்திராபாத்
பிப்ரவரி கடைசி ஞாயிறு

அன்புள்ள ஹம்சாவுக்கு அம்மா கிரிஜா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் முழங்காலைத் தவிர மற்றபடி சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஷ்யாமும் குளிரைத் தவிர மற்றபடி சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதை இந்தக் காலத்தில் எதற்குக் கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ ம்ம் ம்ம் என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் தட்டுவது எனக்கு இங்கே கேட்கிறது, அதனால்தான். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் நீயே படி, மாப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு போன வாரம்தான் மறுபடி டாக்டரிடம் காட்டினோம், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். தினமும் ஏ.எஸ். ராவ் நகர் வரை நடக்கிறார். அங்கே மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்து, நடந்தேன் என்பதை மட்டும் என்னிடம் சொல்கிறார். சட்டையில் எண்ணெய் வாசனை அடிப்பது எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

இங்கே பனி விட்டாயிற்று. தக்காளியும் காலிஃப்ளவரும் முடியும் நேரம், சாமந்தியை வெட்டிவிட்டேன். இனிமேல் மார்ச் பிறந்தால் வெயில் தடுக்கப் பச்சை வலையைக் கட்ட வேண்டும், ஏப்ரலில் கீரையைத் தவிர வேறெதையும் நம்ப முடியாது, மே வந்தால் மென்மையான தொட்டிகளையெல்லாம் வீட்டுக்குள் தூக்க வேண்டும். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அந்த மே மாதங்களில் ஹால் முழுக்கத் தொட்டிகளாக இருக்கும், ஏர் கூலர் ஒரு பக்கம் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஓடும், நீ நடுவில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு காட்டில் தூங்குகிறேன் என்பாய். அப்பா ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து, இருட்டில் துளசித் தொட்டியில் இடித்துக்கொண்டு, இது வீடா நர்சரியா என்று கத்துவார். நீ தூக்கத்திலேயே சிரிப்பாய். இப்போதும் மே மாதம் தொட்டிகளை உள்ளே தூக்குகிறேன், ஆனால் நடுவில் பாய் போட ஆளில்லை. போகட்டும்.

நீ போனில் கேட்ட தோட்டத் திட்டத்துக்கு வருகிறேன். உங்கள் ஊரில் எந்த மாதம் எவ்வளவு குளிர் என்று மாப்பிள்ளை அனுப்பியதைப் பார்த்தேன், அங்கே தோட்டம் போடும் ஒரு குஜராத்திப் பெண்மணியின் வீடியோக்களையும் அப்பாவைத் தொந்தரவு செய்து டிவியில் போடச் சொல்லிப் பார்த்தேன். எங்களுக்கு மே எப்படியோ உங்களுக்கு ஜனவரி அப்படி, அவ்வளவுதான் விஷயம். நாங்கள் வெயிலுக்குப் பயந்து செடியை உள்ளே வைக்கிறோம், நீ பனிக்குப் பயந்து வைக்கிறாய். மார்ச் கடைசியில் தக்காளி, மிளகாய் விதைகளை வீட்டுக்குள்ளேயே சின்னக் கப்புகளில் போட்டு, மேலே செடிக்கென்று விற்கும் லைட்டைப் போட்டுவிடு. மே கடைசி வரை வெளியே வைக்க அவசரப்படாதே, ஒரு ராத்திரி பனி விழுந்தால் எல்லாம் போயிற்று. வைப்பதற்கு முன்னால் முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று வெளிக்காற்றுக்குப் பழக்கு, உன்னை முதன்முதலில் பள்ளிக்கூடத்தில் விட்டது போல. பட்டாணியும் பாலக்கும் குளிர் தாங்கும், அதனால் மே ஆரம்பத்திலேயே வெளியில் போடலாம். பீன்ஸை ஜூனில் நேராக மண்ணில் போடு. அக்டோபரில் பனி கொட்டுவதற்கு முன் பூண்டுப் பற்களைப் புதைத்து வைத்தால் பனிக்கடியிலேயே கிடந்து அடுத்த ஜூலையில் பூண்டாக வருமாம், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. குளிர்காலம் முழுக்க வெந்தயக்கீரை, கொத்தமல்லி, புதினா இவற்றை ஜன்னலோரம் வைத்து மாற்றி மாற்றி விதைத்துக்கொண்டே இரு. கருவேப்பிலை செத்துவிட்டது என்று அழுதாயே, குளிரில் அது இலையை உதிர்க்கத்தான் செய்யும். நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பார், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிடாதே. விதை இங்கிருந்து அனுப்ப மாட்டேன், கஸ்டம்ஸ்காரனிடம் நீ போய் நிற்க வேண்டாம், அங்கேயே வாங்கிக்கொள்.

இதெல்லாம் சரி. நீ போனில் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. எல்லாமே தொட்டியில் வருகிற மாதிரி சொல்லும்மா, நாளைக்கே கிளம்புவதானாலும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடலாம் என்றாய். பின்னாலிருந்து மாப்பிள்ளை, வீட்டை விக்கிறவர் மார்ச் முடியறதுக்குள்ள பதில் கேட்கிறார் ஹம்சா என்றார். நீ பேச்சை மாற்றிவிட்டாய். போட்டோ அனுப்பினாயே, பின்பக்கம் அத்தனை மண் இருக்கிற அந்த வீட்டை வாங்கலாமா வேண்டாமா என்று தவிக்கிறவள்தான் என்னிடம் தொட்டி அளவு கேட்கிறாய் என்பது எனக்குப் புரியாதா? அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து உனக்குத் திரும்பி வந்துவிட வேண்டும் என்கிற பயம் பிடித்திருக்கிறது.

நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது உனக்கு நடக்கத் தெரியாது. மாயவரத்திலிருந்து வந்த நாங்கள், நாலு வருடம் சம்பாதித்துவிட்டு வீட்டை விற்றுத் திரும்பிவிடுவோம் என்றே பேசிக்கொண்டிருந்தோம். அதனால் கொல்லையில் இவ்வளவு மண் இருந்தும் எல்லாம் டப்பாவிலும் பெயிண்ட் டிரம்மிலும்தான், லாரியில் ஏற்ற வசதியாக. விதைக்க நாள் பார்த்தது கூட மாயவரத்துக் கணக்குதான். காவிரியில் தண்ணீர் வருகிற ஆடியில்தான் விதைப்பேன், இங்கே அதற்குள் மழை கொட்டி விதை அழுகிப்போகும். ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், வராது. பக்கத்து வீட்டு ஷோபா ஆன்ட்டி, அவள் வீட்டுக்காரர் பட்டாளத்தில் வெலிங்டனில் இருந்தபோது கற்ற தமிழில், “உங்க ஆடி கீடி இங்க நக்கோ, வேணாம் அம்மா, மிருகசிர கார்த்தெ, முதல் மழை வந்துச்சுன்னா விதை போட்டுடணும்” என்று வருடா வருடம் ஜூன் மாதம் சுவர் மேலிருந்து எட்டிச் சொல்வாள். நான் கேட்டால்தானே. பிறகு நீ மூன்றாவது படிக்கும்போது வீட்டுக்கு வெள்ளையடிக்க, டிரம்மில் இருந்த கொய்யாவை அப்பா நகர்த்தப் பார்த்தார், அசையவில்லை. ஷோபாவின் வீட்டுக்காரரும் வந்து பிடித்தார், ரெண்டு பேரும் மூச்சு வாங்கியதுதான் மிச்சம். குனிந்து பார்த்தால் டிரம்மின் ஓட்டை வழியே வேர் இறங்கி எப்போதோ மண்ணுக்குள் போயிருக்கிறது. “நீங்கதான் ஊருக்குப் போறேன் போறேன்றீங்க, செடி எப்பவோ செட்டில் ஆயிடுச்சு” என்று ஷோபா சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பா தகரம் வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்து டிரம்மை வெட்டி எடுத்தார். அந்த வாரமே வெயில் தாங்காத சில செடிகளைத் தவிர மற்றதையெல்லாம் மண்ணுக்கு மாற்றினோம், உன் கையில் ஒரு கொட்டாங்கச்சி கொடுத்து நீர் ஊற்றச் சொன்னோம். நீ ஊற்றிக்கொண்டே, “இப்போ நாம எங்கயும் போமாட்டோம்ல?” என்று கேட்டாய். அதுவரை அந்தக் கேள்வி உன் மனதில் இருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையா என்றால், இருக்கிறது. தினமும் காலையில் காபி கலக்கும்போது இருக்கிறது. ஆனால் எங்களைக் காரணம் காட்டி நீ தொட்டியிலேயே காலம் தள்ள வேண்டாம். எங்களுக்கு முடியாமல் போனால் போன் செய்வேன், நீ விமானம் ஏறு. அதற்காக இப்போதே பாதி மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்காராதே. அப்பாவிடமும் கேட்டேன், வாங்கச் சொல் என்றார், பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் வாசலில் நின்றார்.

இருவரும் ஒற்றுமையாக, நோய் நொடியில்லாமல், நிறைந்த வீடாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். காதை மூடாமல் வெளியே போகாதே. வீட்டை விற்கிறவருக்குக் கடிதம் கிடைத்த அன்றே சரி என்று சொல்லிவிடு. சாவி கைக்கு வந்து பனி விட்டதும் கொல்லையின் வெயில் படும் மூலையில் ஒரு ஆப்பிள் கன்று வை, உங்கள் குளிரைத் தாங்குகிற ரகமாகப் பார்த்துக் கேட்டு வாங்கு. காய்ப்பதற்கு நாலைந்து வருடம் ஆகுமாம். ஆகட்டும், வை.

இப்படிக்கு
உன் அம்மா
கிரிஜா தியாகு