பிரேக்கை விடாத லண்டன் போலீஸ்காரன்

நண்பா,

நேற்று மாலை டிவியில் அந்த லண்டன் போலீஸ்காரன் படம் மறுபடி வந்தது. அடிக்கிற ஒவ்வொரு ரவுடியிடமும் மன்னிப்புக் கேட்பானே, அதேதான். வேறு நாளாக இருந்தால் உன்னை நினைத்துச் சிரித்துக்கொண்டே பார்த்திருப்பேன். நேற்று முடியவில்லை. வெளியே அடைமழை, எதிர்மலைத் தேயிலை தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். நீ கண்மூடியபின் உன் லோரியை உன் மகள்தான் ஓட்டுகிறாள். மலைமேல் கியா பார்ம் தோட்டத்தில் முட்டைக்கோஸ் ஏற்றப் போனவள் எஸ்டேட்டுக்குத் திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை.

எந்தப் படம் முடிந்தாலும் உனக்கு ஒரு சட்டம் உண்டு: "மொதல்ல நல்லத சொல்லு, அப்புறம் திட்டு." அன்று இதைச் சேர்ந்து பார்த்தபோது, சண்டைக்கு நடுவிலும் தேநீர் ஆறிப்போகிறதே என்று அவன் கவலைப்படுவது உனக்குப் பிடித்தது. தான் சிரிக்காமலே நம்மைச் சிரிக்க வைக்கிறான் என்றாய். அந்தத் தேநீரில் அவன் ஊற்றிய பாலைப் பார்த்துத்தான், தேயிலை வாசமே போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டாய். பிறகு திட்டு. "முன்பாதியில அவ்ளோ கெட்டிக்காரியா வந்த பொம்பள போலீஸ பின்பாதியில கட்டிப் போட்டுட்டானுங்கலா. இவன் வந்துதான் காப்பாத்தணுமாம்!"

கடைசியில் அந்த மலையிறக்கத் துரத்தல். அவன் பிரேக்கை மிதித்தபடியே அடிவாரம்வரை ஜோக் அடிப்பான். நாங்களெல்லாம் சிரிக்க, நீ மட்டும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாய். "கியரக் கொறைடா மடையா, பிரேக் கருகிரும்!"

நேற்று அந்த இடம் வந்ததும் டிவியை அணைத்துவிட்டேன். குடையோடு லயத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். வரட்டும் அவள் என்று திட்டுகளை மனதுக்குள் அடுக்கினேன். பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு லோரி என்பதுவரை போய்விட்டது.

ஒருவழியாக லோரி வெளிச்சம் தெரிந்தது. உன் மகள் முழங்கால்வரை சேற்றோடு இறங்கினாள்.

"மரம் விழுந்து ரோட்ட அடைச்சிருச்சு மாமா. அங்க மாட்டிக்கிட்ட டிரைவருங்கல்லாம் சேர்ந்து நாங்களே வெட்டி இழுத்துப் போட்டோம்லா. போன்ல சார்ஜ் இல்ல."

இறக்கம் முடிந்ததும் நீ செய்வதுபோல முன்சக்கரத்தருகே குனிந்து மோந்து பார்த்தேன். பிரேக் கருகிய வாடையே இல்லை. மழையும் மண்ணும்தான்.

வாய்வரை வந்த திட்டை உன் சட்டம் தடுத்தது.

"நல்லா எறக்கிட்டு வந்திருக்கம்மா," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "சரி மாமா, அப்புறம் திட்டுங்க."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.