அரிசியளவுத் துணுக்கு

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. என் மகள் வாலுவின் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கை, குப்பியோடு உன் ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். நீ விடுப்பாம், உன் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. உங்கள் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் சொல்வதை வைத்துத்தான் மருந்தாம். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். சீக்கிரம் பார்த்துச் சொல்.

உன் தம்பி

ஜூன் 7

என் தம்பிக்கு,

பிறக்கும்போதே நீ அவசரக்குடுக்கை. இதில் அவசரம் ஆகாதப்பா. அந்த மைக்ரோஸ்கோப்புக்குள் காற்றே கிடையாது. துளி ஈரம்கூட உள்ளே போகக் கூடாது. உடம்போ முழுக்க ஈரம். அதனால் தண்ணீரை நயமாகப் பேசித்தான் வெளியே அனுப்ப வேண்டும். முதலில் லேசான ஆல்கஹால், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வீரியமானது. கடைசியில் தண்ணீர் இருந்த இடத்தில் பிசின் போய் உட்காரும். அது இறுகியபின் வைரக் கத்தியால் சீவுவேன். அவசரப்பட்டால் துணுக்கு சுருங்கிப் பொய் சொல்லும். வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை, நானே செய்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 14

தம்பி,

இன்று பார்த்தேன். செல்லெல்லாம் ஓட்டை ஓட்டையாகக் கிழிந்திருக்கிறது. நோய் இப்படிக் கிழிக்காது, ஐஸ்தான் கிழிக்கும். குப்பி எங்கேயாவது உறைந்ததா? மறைக்காமல் எழுது.

அக்கா

ஜூன் 17

அக்கா,

நான்தான். குளிர்ச்சியாக வைத்திருங்கள் என்றார் நர்ஸ். எனக்கா தெரியாது என்று நினைத்தேன். மீனை உறையவைத்துக் காப்பாற்றுவதுதானே என் பிழைப்பு? எங்கள் கிடங்கிலேயே நல்ல குளிர் அறையில் வைத்துவிட்டு, மறுநாள் கொண்டுவந்தேன். பாதுகாப்பாக இருக்கும் என்றுதான் அக்கா.

போன தடவை முதுகில் ஊசி இறங்கியபோது குழந்தை என் விரலை விடவே இல்லை. இன்னொரு தடவை என்னால் முடியாது. பார்த்தவரையில் ஏதாவது எழுதிக் கொடு, டாக்டர் அதை வைத்து மருந்து ஆரம்பிக்கட்டும். உன் கூடப்பிறந்தவன் கேட்கிறேன்.

தம்பி

ஜூன் 20

தம்பி,

படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பார்க்காததைப் பார்த்ததாக எழுத மாட்டேன். மருந்து தப்பானால் அனுபவிப்பது நீயோ நானோ இல்லை, வாலு. திரும்ப எடுக்க வேண்டும் என்று டாக்டருக்கு எழுதிவிட்டேன். ஏன் என்று வீட்டில் நீயே சொல். என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள்.

அக்கா

ஜூன் 28

அக்கா,

உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே எடுத்து நீவிப் படித்தேன்.

சொல்லிவிட்டேன். வீட்டுக்காரி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வாலு மட்டும், "கெட்டுப்போகக் கூடாதுன்னுதானேப்பா வெச்சே?" என்று கேட்டாள். அங்கே நிற்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.

அடுத்த வியாழன் மறுபடியும் ஊசி. நீ வந்து குப்பியை வாங்கிக்கொண்டு போ. நான் அதைத் தொடமாட்டேன்.

தம்பி

ஜூலை 1

என் தம்பிக்கு,

வருகிறேன். ஊசி போடும்போது அவளுடைய ஒரு கை உன்னிடம், ஒரு கை என்னிடம்.

குப்பியை மட்டும் நான் வாங்க மாட்டேன். நீதான் கொண்டுவர வேண்டும். நர்ஸிடம் பேசிவிட்டேன்: வாலுவிடம் கொடுப்பார், அவள் உன்னிடம் கொடுப்பாள். ஐஸ் வேண்டாம், பெட்டி வேண்டாம். துணுக்கு கெடாமலிருக்கக் குப்பியில் ஊற்றியிருக்கும் திரவத்துக்குள் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது; மூடியை இறுக்கிச் சட்டைப்பையில் நேராக வைத்துக்கொள். பஸ்ஸில் நான் பக்கத்திலேயே இருப்பேன்.

வாலு உன் கையில் கொடுப்பதை உன் வீட்டுக்காரி பார்க்கட்டும்.

அக்கா