பேர் கேட்கப் போனேன்

எல்கடுவ,
15.02.1959

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கும் அத்தானுக்கும்,

தங்கை சலோமி எழுதுவது. தோட்டத்து லயத்து வீட்டில் எல்லோரும் சுகம். அத்தான் கைப்பட எழுதிய கடிதம் கிடைத்தது. முறிந்த கை எழுதுமளவு தேறிவிட்டதே என்று ஸ்தோத்திரம் சொன்னோம்.

முதலில் சந்தோஷச் சேதி. ரெபேக்காள் ஒரு மாதமாகப் பள்ளிக்கூடம் போகிறாள். போன வருஷக் கலவரத்துக்குப் பிறகு அவளை நான் வெளியே விடாமல் வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். பஸ்ஸுக்குப் போகும் வழியில், கிராமத்து முனையில், ஒரு சிங்களப் பெண் கீரை விற்பாள். என்னைக் கண்டால் விற்பதை விட்டுவிட்டு உற்றுப் பார்ப்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிடுவேன். அத்தானை அடித்தவர்களும் முதலில் அப்படித்தானே பார்த்தார்கள்.

ஒருநாள் முழங்காலிட்டு, நான் பயப்படுகிறவர்களையும் ஆசீர்வதியும் என்று ஜெபித்தேன். வாய் சொன்னது, மனம் சொல்லவில்லை. அந்தக் கீரைக்காரிக்காக மட்டுமாவது கேட்போம் என்றால் அவள் பேர் தெரியாது. எட்டு மாதமாகப் பயப்படுகிறேன், பேர்கூடத் தெரியாது. ஆண்டவர் முன்னால் வெட்கமாகிவிட்டது.

மறுநாள் தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பேர் கேட்கவென்றே கீழே இறங்கினேன். ரெபேக்காளின் அப்பா கூட வருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். பொய் சொல்ல மாட்டேன் அக்கா, பாதி வழியில் இரண்டு தடவை திரும்பி நடந்தேன். மூன்றாம் தடவை, இயேசுவே கையைப் பிடியும் என்று சொல்லிக்கொண்டே போய், அவள் முன்னால் நின்று, அரைகுறைச் சிங்களத்தில் பேர் கேட்டேன். அவள் சட்டென்று எழுந்தாள். எனக்கு உயிரே இல்லை.

"நோனா," என்றாள்; அதுதான் அவள் பேர். பிறகு தமிழிலேயே, "நீங்கதானே சட்டை தைக்கிறது? எத்தனை நாளா கேக்கப் பாக்கிறேன். நீங்க ஓடிப்போறீங்க," என்றாள்.

அவள் பார்த்ததெல்லாம் என் ரவிக்கைக் கையில் வைத்த சுருக்கத்தை! சிரித்தேன், சிரிப்பு அழுகையாகிவிட்டது. அத்தானைப் பற்றிச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வரும்போது மடி நிறையக் கீரை.

இப்போது அவள் மகளும் ரெபேக்காளும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். அவள்தான் இருவரையும் ஏற்றிவிடுகிறாள். போன ஞாயிறு நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நம் ஆராதனைக்கே வந்துவிட்டாள். புத்தர் கோயிலுக்கு, பன்சலைக்குப் போகிறவள்தான், ஆனால் நாங்கள் எழுந்தால் எழுந்தாள், பாட்டுத் தெரியாமலே பாடினாள். சபையே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பயம் அடியோடு போய்விட்டது என்று எழுத மாட்டேன். பஸ்ஸில் யாராவது உரக்கப் பேசினால் இன்னும் நெஞ்சு அடிக்கிறது. ஆனாலும் இறங்கி ஓடுவதில்லை.

அக்கா, நீங்கள் ஒன்பது மாதமாக வாசற்படி தாண்டவில்லை என்று அத்தான் எழுதியிருந்தார். ஈஸ்டருக்கு இங்கே வாருங்கள். மாத்தளை வரை அத்தான் அழைத்து வரட்டும், அங்கே நான் வந்து நிற்பேன். யாரோடும் நீங்கள் பேச வேண்டாம், யாரையும் மன்னிக்கச் சொல்லியும் நான் கேட்கவில்லை. வந்தால் போதும். உங்கள் கதவண்டை ஆண்டவர் நின்று, உங்களை மெல்ல வெளியே அழைப்பாராக.

உங்கள் முகம் பார்க்க ஏங்கும்,
சலோமி