பாதி நுழைந்த ஊசி

அன்புள்ள அப்பா,

நூலகத்தில் போர் விமானங்களைப் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. விமானியை வெளியே வீசிக் காப்பாற்றும் இருக்கை, விமானம் தரையில் நிற்கும்போதே ஏன் வெடித்துக் கிளம்புகிறது என்று அதில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. கைப்பிடியில் ஏதாவது மாட்டியிருக்கலாம். வெடிமருந்து பழசாகியிருக்கலாம். இருக்கை கிளம்பாமல் தடுக்கும் பாதுகாப்பு ஊசி பாதிதான் நுழைந்திருக்கலாம். ஊசியில் கட்டிய சிவப்பு நாடா வெளியே தொங்குவதால் பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரியுமாம். அந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டவில்லை.

நேற்று, அப்படி வெடித்துக் கிளம்பிய இருக்கையில் உட்கார்ந்து வேலை பார்த்த உங்கள் கூட்டாளி மாமாவை ஆஸ்பத்திரியில் பார்த்தோம். இரண்டு காலிலும் கட்டு. வாய்க்கு மட்டும் கட்டு இல்லை.

"லைசென்ஸ் இல்லாம பறந்த மெக்கானிக் நான் ஒருத்தன்தான், தெரியுமா?" என்று சிரித்தார். பிறகு கதவையே பார்த்தார். "உங்கப்பன் எங்கேம்மா? ஊசி மாட்டினது அவன்தான், சரி. அதுக்குன்னு மூஞ்சியே காட்ட மாட்டானா? விமானப்படை முகாமுக்குள்ளயே எத்தனை நாள் ஒளிஞ்சிருப்பான்? வரச் சொல்லு, நல்லா நாலு திட்டு திட்டணும். இங்க நர்ஸைத் திட்ட பயமா இருக்கு."

அம்மா இன்னும் உங்களுக்கும் சேர்த்தே சமைக்கிறாள். கணக்குப் பாடத்தில் சந்தேகம் வந்தால், உங்களிடம் கேட்பதற்காக நோட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன். எல்லாப் பக்கத்திலும் புள்ளிகளாகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். உள்ளே போகத் தயக்கமாக இருந்தால் நான் முன்னால் நடக்கிறேன், அப்பா. நீங்கள் என் பின்னால் வந்தால் போதும்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் மகள்