மனைவியின் கருத்து

கடவுள் துணை

என்றும் என் பிரியத்துக்குரியவருக்கு,

இங்கே நான் சுகம். நீங்களும் உங்கள் தம்பி வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உங்கள் கடிதம் நேற்று வந்தது. போனிலேயே பதில் சொல்லலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். உங்கள் தம்பிக்குக் காது மந்தம். அந்த வீட்டுப் போன் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசும். இது தெரு கேட்கிற சங்கதி இல்லை. தனியாக இருக்கும்போது படியுங்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடை நன்றாக நடக்கிறது. உங்கள் கூட்டாளி செய்து கொடுத்த கண்ணாடியை மட்டும் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து, படி இறங்கினால் தரை மேலே வருது, அந்தப் பெரியவர் எப்போ வருவாருன்னு சத்தம் போட்டாராம்.

நீங்கள் கூடத்து ஜன்னலில் மறந்து வைத்துப்போன கனத்த லென்ஸ் அங்கேயேதான் இருக்கிறது. மத்தியானம் அதன் வழியே வெயில் புகுந்து சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வெளிச்சம் விழுகிறது. காலண்டரில் ஏறி, அலமாரியைத் தாண்டி, உங்கள் தலையணைக்கு வந்ததும் காணாமல் போகிறது. பிரார்த்தனைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தினமும் அதையே பார்த்திருக்கிறேன். கண் சொக்கிவிடும்.

நேற்று அப்படிச் சொக்கியபோது வீட்டுக்குள் கடல் வந்தது. சத்தமே இல்லை. முழங்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். செம்பும் தட்டும் மிதந்தன. கூடத்தில் கிடக்கிற உங்கள் கட்டில் மெல்லக் கிளம்பி, ஒருமுறை சுற்றி, கதவு வழியே நம் அறைக்குள் வந்தது. அதில் நீங்கள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பயமே இல்லை. விழித்தபோது உதட்டில் உப்புக் கரித்தது.

உப்புத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சர்க்கரை வியாதியில் உங்கள் ஆண்மை தளர்ந்தபோது டாக்டர் உள்ளே வைத்துத் தைத்த கருவி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் கசிந்து நின்றுபோனது. உள்ளே இருந்தது வெறும் உப்புத் தண்ணீர்தான், உடம்பே அதைக் குடித்துவிடும், ஒரு கெடுதலும் இல்லை என்றார் டாக்டர். உடம்பு குடித்துவிட்டது. நீங்கள்தான் புழுக்கமாயிருக்கு என்று சொல்லி மறுவாரமே கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுபோனீர்கள். மார்கழிக் குளிரிலும் உங்களுக்குப் புழுக்கம் தீரவில்லை.

என் வீட்டுக் கணக்கு நோட்டை நீங்கள் கேலி செய்வீர்கள். அதில் 'பொருள் வைத்த நாள்' என்று ஒரு பக்கம் உண்டு. தண்ணீர் மோட்டார், மிக்ஸி, பிரிட்ஜ், அதற்குக் கீழே பெயர் போடாமல் ஒரு தேதி மட்டும். இன்று கூட்டிப் பார்த்தேன். அது பதின்மூன்று வருஷம் உழைத்தது. அதற்குள் மூன்று மோட்டார் மாற்றிவிட்டோம்.

அந்த வருஷங்களெல்லாம் தேன் என்று சொல்லமாட்டேன். முதல் ஆறு வாரம் வலியில் நீங்கள் என்னிடம்கூட எரிந்து விழுந்தீர்கள். முன்னைப்போல் இல்லை, அளவு குறைஞ்சுபோச்சு, நுனி சில்லுனு இருக்குன்னு மாதக்கணக்கில் முகம் தொங்கிக் கிடந்தது. அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை! கருவியில் ஏறின தண்ணீரைத் திரும்ப இறக்குகிற பித்தான் கைக்கு அகப்படாமல் நீங்கள் தடவிக்கொண்டிருக்க, என் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். இரண்டு மணி நேரம் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். வழியனுப்பக்கூட எழுந்திருக்கலை, மாப்பிள்ளைக்கு மண்டைக்கனம் ஏறிப்போச்சுன்னு அவர் ஒரு வருஷம் நம் வாசல் மிதிக்கவில்லை. அதை நினைத்து நாம் இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோமே, அதற்கு எந்தப் பக்கத்தில் தேதி எழுதுவது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேறு கருவி வைப்பதா, அப்படியே விடுவதா என்று அங்கே டாக்டர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் தந்த ஃபாரத்தில் மனைவியின் கருத்து என்ற கட்டத்தில், 'அவள் பக்தியில் மூழ்கியவள், அவளுக்கு இதில் நாட்டமில்லை' என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகவும், எனக்கு இனித் தொந்தரவு இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நாற்பது வருஷமாகக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவான்னு கேட்கிறீர்கள். அவர்கள் தடுமாறினால் அவசரப்படுத்தாமல் நிற்கிறீர்கள். என்னை ஒருமுறை கேட்டிருக்கக்கூடாதா?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எனக்கு அது தொந்தரவாக இருந்ததே இல்லை. நான் கண்ணை மூடி அவனைக் கும்பிடும்போது உங்களை மறந்துவிட்டு வா என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. இந்த இரண்டு வருஷமும் அவனிடம் நான் கேட்டது உங்கள் சர்க்கரை இறங்க வேண்டும் என்பது மட்டுமில்லை. அறுபத்தொரு வயதில் இதைக் கேட்கிறாளே என்று அவன் சிரித்திருப்பான். சிரிக்கட்டும்.

இரண்டாம் தடவை அறுத்தால் சீழ் பிடிக்கிற ஆபத்து கூடுதல் என்று டாக்டர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். அதில் நான் தலையிடமாட்டேன். சர்க்கரை கட்டுக்குள் வராமல் கத்தி வைக்கவே கூடாது. உடம்பு தாங்காது என்று அவர் சொன்னால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். உங்களுக்கே வேண்டாம் என்றாலும் சரி, அதை உங்கள் பெயரில் சொல்லுங்கள். என் பெயரில் சொல்லாதீர்கள்.

துணி தேய்க்கிற அம்மாளைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகக் கட்டிலை அறைக்குள் இழுத்துப் போட்டுவிட்டோம். எதுக்கு இந்த வேகாத வெயிலில்னு அவள் கேட்டாள். கூடத்தில் தண்ணீர் வருது என்றேன். அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

இத்துடன் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருக்கிறேன். ஒரே வரிதான், கீழே என் கையெழுத்து. வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது அந்தக் கட்டத்தில் நீங்கள் எழுதியதை அடித்துவிட்டு இதை ஒட்டிக் கொடுங்கள். படித்துவிட்டு அவர் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

வேளைக்கு மாத்திரை போடுங்கள். கத்தி வைத்தாலும் வைக்காவிட்டாலும், அவன் உங்களை நல்லபடியாக நம் அறைக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி