மூன்று தடவை ஷே

நம் சாம்டெனின் அப்பாவுக்கு,

அடுப்பின்மேல் ஷக்பா இருக்கிறது. உருளைக்கிழங்கும் முள்ளங்கியும் காய்ந்த யாக் கறியும் தாராளமாகப் போட்டிருக்கிறேன். காலையில் "எனக்கு ஒண்ணும் வேண்டாம்"னு தட்டைத் தள்ளிவிட்டு யாக் மாடுகளைத் தேடப் போய்விட்டீர்கள். நான் அடுத்த மலைப் பயணத்துக்குக் கிளம்பிவிட்டேன். சாவி மாவு டப்பாவுக்குள்.

உங்கள் முழங்கால் போனதால்தான் மலைச் சமையல் கரண்டி என் கைக்கு வந்தது. "பொம்பள ஆக்கிப் போட்டா ஏறுறவன் பட்டினிதான்"னு சொன்னீர்களே, போன பயணத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஐயாயிரம் மீட்டருக்கு மேலே பசி செத்துவிடும். மலையேற வந்த எட்டு வெள்ளைக்காரர்களும் தட்டைப் பார்த்ததுமே "நோ" என்றார்கள். இருபது வருடமாக அந்த ஒரு "நோ"வை நம்பித் தட்டைத் திருப்பி எடுத்து வந்தவர் நீங்கள். நம் வீட்டுக்கு வந்த எந்த விருந்தாளி முதல் தடவையே கை நீட்டியிருக்கிறான்? வழக்கப்படி மூன்று தடவை "ஷே, ஷே, சாப்பிடு"ன்னு எதிரிலேயே நின்றேன். மூன்றாவதற்கு வாய் திறந்தது. தாடிக்காரன் ஒருவன் மூன்றாவது கிண்ணமே கேட்டான்! எட்டுப் பேரும் சொந்தக் காலில் கணவாயைத் தாண்டினார்கள். சோர்ந்து விழுபவரைச் சுமக்கக் கூட்டிப்போன குதிரை சும்மா வந்தது.

உங்கள் பெண்டாட்டி, இந்தத் தடவையும் தலைமைச் சமையல்காரி,
யாங்ஜி

முழங்காலுக்கு எண்ணெய் ஜன்னலில்.

பானையைப் பார்த்ததும் முறைப்பீர்கள் என்று தெரியும். ஷே.

மூடியைத் திறந்து மோந்துவிட்டு மறுபடி மூடுவீர்கள். ஷே.

தாளில் இடமில்லை. ஷே! சாப்பிடுங்க.