வழுவழுப்பான குழல்

ரொறன்ரோ, கார்த்திகை 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

போன சனி, கூட வேலைசெய்யும் மகேந்திரண்ணை மான் வேட்டைக்குக் கூட்டிப்போனார். குழலின் வாய்வழியே வெடிமருந்து இடித்துச் சுடும் துவக்குகள்தான்.

"தம்பி, உள்ளுக்குப் புரி வெட்டின குழலை எடும், தூரத்துக்கும் நேராப் போகும்" என்றார்.

ஊரில் எங்கள் இடியன் துவக்கைப்போல, புரியில்லாத வழுவழுப்பான குழல்தான் எனக்குப் பழக்கமென்று அதையே எடுத்தேன். இங்கே ஊரைப்போல மறைந்து கிட்ட நெருங்கப் பற்றைக்காடு இல்லை, வெட்டவெளி. தூரத்திலிருந்தே சுட்டேன். குண்டு விலகிப் பின்காலில் பட்டது. மான் நொண்டியபடி வேலி தாண்டி அடுத்தவர் காணிக்குள் போய்விட்டது. கேட்டுப் போக அந்த வீட்டில் ஆளில்லை, கேளாமல் உள்ளே போகக்கூடாதென்று அண்ணை மறித்துவிட்டார்.

காயப்பட்டதை விட்டுவிட்டு வீட்டுக்கு வராதே என்பீர்கள். வந்துவிட்டேன், அப்பா.

அம்மாவுக்குச் சொல்லவேண்டாம். வேலைக்கு நேரமாகிறது. கசெற்றில் பேசி அனுப்புங்கள், ஏச்சென்றாலும் பரவாயில்லை.

மகன்,
திருச்செல்வம்